ஜன்னல் பக்கம் சாய்ந்த முளைப்பாரி

என் மகள் மித்ராவுக்கு இரண்டரை வயதாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததுகூடப் பரவாயில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். "மித்ரா, மித்ரா" என்று முதுகுக்குப் பின்னால் நின்று தொண்டை வலிக்கக் கத்துவேன். பிள்ளை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். ஆனால் அடுத்த அறையில் என் போனில் ஒரு மெசேஜ் வந்து 'டிங்' என்றால் போதும், உடனே தலை திரும்பும். காது நன்றாகத்தான் கேட்டது. என் குரல்தான் அவளுக்குக் கேட்கவில்லை.

முதல் தடவை அதைக் கவனித்தபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. ஏனென்றால் அந்த 'டிங்' சத்தத்துக்கு நானும் திரும்பியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விளக்குப் பூஜைக்கு வரும் அக்கா தங்கச்சிகளே, நம் முத்துமாரி எனக்குச் செய்ததைச் சொல்லச் சொல்லிப் பல வாரமாகக் கேட்கிறீர்கள். நின்று பேசினால் அழுதுவிடுவேன். அதனால் நோட்டில் எழுதித் தருகிறேன். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இதில் பாதிக்கு மேல் நான் தோற்ற கதைதான். அம்மன் கனவில் வந்தாள், பொழுது விடிந்ததும் பிள்ளை பேசியது என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

என் வீட்டுக்காரர் குவைத்தில் ஏசி மெக்கானிக் என்பது உங்களுக்குத் தெரியும். மித்ரா பிறந்த மூன்றாவது மாதம் விமானம் ஏறினார். போகும் முன் என்னை அறந்தாங்கிக்குக் கூட்டிப்போய் நல்ல போனாக ஒன்று வாங்கிக் கொடுத்தார். பிள்ளை முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்று ஆசை அவருக்கு. அவர் பார்த்தது ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். மிச்ச நேரமெல்லாம் அதை நான் பார்த்தேன்.

கண்ட ஆட்டம் பாட்டத்தைப் பார்த்திருந்தால் என்றைக்காவது வெட்கப்பட்டு விட்டிருப்பேன். நான் பார்த்ததெல்லாம் சாமி. எழுந்ததும் ஏதாவது ஒரு கோயிலின் அபிஷேகம் நேரலையில். அது முடிந்தால் ராசிபலன். பிறகு, 'இந்த அம்மனைப் பார்த்ததும் தள்ளிவிடாதீர்கள், மூன்று நாளில் நல்ல சேதி வரும்' என்று ஒரு வீடியோ. தள்ளிவிடப் பயம். பதினோரு பேருக்கு அனுப்பச் சொன்னால் அனுப்புவேன். கீழே 'தாயே துணை' என்று எழுதுவேன். நம் கோயில் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தானே அட்மின்? நான் காலை வணக்கம் படம் போடாமல் உங்களுக்கு என்றைக்காவது பொழுது விடிந்ததா? அடுப்பில் பால் பொங்கி வழியும். தொட்டிலில் பிள்ளை ஈரத்தோடு கிடக்கும். சாமிதானே பார்க்கிறேன், இதில் என்ன தப்பு என்று இருந்தேன். கேட்பவர் வாயை அடைக்க அதைவிட நல்ல பதில் கிடையாது.

பிள்ளை அழுதால் என் பழைய போனை அவள் கையில் கொடுத்துவிடுவேன். சோறு ஊட்ட ஒரு வீடியோ, தூங்க வைக்க ஒரு வீடியோ. ஒன்றரை வயதில் விரலால் தள்ளக் கற்றுக்கொண்டாள். வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். நானும் பூரித்துப்போனேன். இரண்டு வயதில் அவள் அப்பா விடுப்பில் வந்து நேரில் தூக்கியபோது அலறிக்கொண்டு இறங்கி ஓடினாள். அவளுக்கு அப்பா என்றால் போனுக்குள் இருக்கிற, உள்ளங்கை அளவு ஆள். அவர் அன்று கொல்லைப் பக்கம் போய் ரொம்ப நேரம் நின்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

கடைசியில் அங்கன்வாடி டீச்சர் சொல்லித்தான் புதுக்கோட்டையில் டாக்டரிடம் போனேன். காதைச் சோதித்தார்கள், கோளாறு எதுவும் இல்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "வீட்ல பிள்ளைகிட்ட யாரு பேசுவாங்க?" என்றார்.

"நான்தாங்க."

"என்ன பேசுவீங்க?"

யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் கை பைக்குள் போய் போனைத் தடவியது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"போன் மட்டுந்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன்மா. வேற காரணமும் இருக்கலாம், போகப் போகப் பார்ப்போம். ஆனா மொதல்ல வீட்ல போனை நிறுத்துங்க. பிள்ளைகிட்ட வாயைத் திறந்து பேசுங்க. மாசம் ரெண்டு தடவை பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். திரும்பி வரும் பஸ்ஸிலேயே, குழந்தை பேச எந்தக் கோயிலில் என்ன பரிகாரம் என்று போனில் தேட ஆரம்பித்தேன். ஆலங்குடி வருவதற்குள் பதினான்கு வீடியோ பார்த்தேன். மித்ரா என் மடியில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வழியில் ஆடு போயிருக்கும், குளம் வந்திருக்கும், லாரி போயிருக்கும். ஒன்றையும் காட்டி நான் பெயர் சொல்லவில்லை.

விட்டுவிட வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. எல்லாவற்றையும் அழித்தேன், மறுநாள் மறுபடி ஏற்றினேன். பரணில் போட்டேன், ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். பக்கத்து வீட்டில் இருக்கும் என் ஓரகத்தி மாலா அக்காவிடம் கொடுத்து வைத்தேன். ஒரு மணி நேரம் தாங்கவில்லை, வீட்டுக்காரர் கூப்பிட்டிருப்பார் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு போய் நின்றேன்.

"அவுக கூப்புட்டா என் போனுக்கு வராதாக்கும்? பொய் சொல்றதுக்கும் ஒரு லட்சணம் வேணும்டி கவுசி" என்றாள் மாலா அக்கா. போனைக் கொடுத்துவிட்டாள். அந்தக் கோபத்தில் நான் பத்து நாள் அவளோடு பேசவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கற்பூரம் ஏற்றி அம்மன் மேல் சத்தியம் செய்தேன். மூன்றாம் நாள் மீறினேன். சத்தியத்தை மீறினால் என்ன பிராயச்சித்தம் என்று உடனே தேடினேன். எதில் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அந்தப் பங்குனியில் நம் கோயிலில் காப்புக் கட்டினார்கள். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்களுக்காக முளைப்பாரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மண் ஓட்டில் எரு பரப்பி, ஊறவைத்த பயறுகளைத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் விட்டு வளர்ப்போம். இருட்டில் வளர்ந்தால்தான் முளை வெளிர் மஞ்சளாக, நெடுநெடுவென்று, நேராக நிற்கும். வளர்க்கிறவளைத் தவிர வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. ஒன்பதாம் நாள் வெளியே எடுத்துத் தலையில் சுமந்து போய், கோயிலைச் சுற்றி, ஊருணியில் கரைப்போம். பாரி நன்றாக வந்தால் அந்த வருடம் ஊருக்கு நல்லது என்பார்கள். வராவிட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அந்த மௌனத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுவோம்.

எங்கள் தெருவின் பதினோரு ஓட்டையும் அந்த வருடம் என் வீட்டுச் சாமான் அறையில் வளர்க்கிறேன் என்று நானே கேட்டு வாங்கினேன். பேசாத பிள்ளைக்காக வேண்டிக்கொண்டேன் என்றதும் யாரும் மறுக்கவில்லை. விதை தூவும்போது கண்ணை மூடி, "தாயே, இது முளைக்கிற மாதிரி என் பிள்ளை வாயில் ஒரு சொல் முளைக்கட்டும்" என்று கேட்டேன். மனதாரத்தான் கேட்டேன். அதில் பொய் இல்லை.

ஆனால் முதல் நாளே ஒரு வீடியோ எடுத்துப் போட்டேன். 'முளைப்பாரி, நாள் ஒன்று.' இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று தொடர்ந்தேன். ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுக் கமெண்ட் போட்டார்கள். நம் அம்மனின் புகழை நான் பரப்புகிறேன் என்றே நினைத்தேன். இருட்டில் படம் தெளிவாக விழவில்லை என்று ஜன்னலைக் கொஞ்சம் திறந்தேன். எடுத்து முடித்ததும் சாத்த வேண்டும் என்றுதான் இருந்தேன். கமெண்டுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததில் ஜன்னல் மறந்தது. சாயந்திரத் தண்ணீரும் மறந்தது. மறுநாள் காலையில் நினைவு வந்து, இரண்டு வேளைத் தண்ணீரையும் சேர்த்து ஊற்றினேன்.

ஒன்பதாம் நாள் காலையில் தெருப் பெண்கள் எல்லோரும் குளித்து, பட்டு கட்டி, பூ வைத்து என் வீட்டு வாசலில் நின்றார்கள். உள்ளிருந்து ஓடுகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து வைத்தேன். ஜன்னல் பக்கம் இருந்தவை அத்தனையும் ஒரே திசையில் சாய்ந்து, நுனி பச்சை ஏறி, வளைந்து கிடந்தன. பின்வரிசை ஓடுகளில் முளை அழுகி நாற்றம் அடித்தது. மாலா அக்காவின் ஓடு பின்வரிசை.

"வெளிச்சம் பட்டுருக்கு" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அவ்வளவுதான். மாலா அக்கா சாமான் அறைக்குள் எட்டி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். கடைசி நாள் வீடியோ எடுக்க நான் போனோடு நின்றிருந்தேன். என் காலடியில் மித்ரா தலை குனிந்து பழைய போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன், ஓடுகளைப் பார்த்தேன். வளைந்த கழுத்து எல்லாம் ஒரே மாதிரி இருந்தது.

கெட்டுப்போன பாரியையும் தலையில் தூக்கித்தான் போக வேண்டும். அது வழக்கம். கொட்டு அடித்தார்கள், குலவை போட்டார்கள், நான் அழுகிய ஓட்டைச் சுமந்து ஊரைச் சுற்றினேன். ஊருணியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியபோது பிள்ளைக்காக எதையும் கேட்க முடியவில்லை. என்ன முகத்தோடு கேட்பது? "என்னால இதை விட முடியல தாயே. நீயே என் கையிலேர்ந்து புடுங்கிக்க" என்று மட்டும் சொன்னேன்.

ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு மறுபடியும் போனை எடுத்தேன். ஒன்பதாம் நாள் வீடியோ எங்கே என்று முகம் தெரியாதவர்கள் கேட்டிருந்தார்கள். அதற்குப் பதில் எழுத விரலை வைத்தேன். விரலில் எருவின் அழுகிய வாசம் இன்னும் போகவில்லை. அம்மன் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று அன்று உறுதியாக நம்பினேன். அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை.

மறுநாள் விடிகாலையில் மாலா அக்கா வாசலில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"எங்க பூக்கொல்லையில முல்லை பறிக்க ஆளு பத்தல. பிள்ளையத் தூக்கிட்டு எங்கூட வா. போனை இங்கிட்டு வச்சுட்டு வா."

"என் மேல கோவம் இல்லையாக்கா?"

"இருக்கு. ஒன் மேல எரக்கப்பட்டு ஒண்ணும் கூப்புடல. எனக்கு ரெண்டு கை வேணும், அம்புட்டுத்தான்."

போனேன். மொட்டு மலர்வதற்குள் பறித்தாக வேண்டும். இரண்டு கையும் கொடியில், பறித்தது மடியில். மூக்கு அரித்தால்கூடச் சொறிய நேரம் கிடையாது. வெயில் ஏறி நிமிர்ந்தபோதுதான் மூன்று மணி நேரமாகப் போனை நினைக்கவில்லை என்று தெரிந்தது. என் கையிலிருந்து பிடுங்கிக்கொள் என்று முந்தின நாள் அம்மனிடம் கேட்டிருந்தேன். அதற்குப் பதில் மாலா அக்கா உருவத்தில் வாசலில் வந்து நின்றது என்று புரிய எனக்கு இன்னும் பல மாதம் ஆனது.

அதன் பிறகு நடந்ததில் அதிசயம் எதுவும் இல்லை. பட்டன் போன் ஒன்று வைத்துக்கொண்டேன். பெரிய போனைச் சாமான் அறைத் தட்டில் வைத்துப் பூட்டினேன், வெள்ளிக்கிழமை சாயந்திரம் மட்டும் அரை மணி நேரம். வீட்டுக்காரர் தினமும் ஆறு மணிக்கு மாலா அக்காவின் போனில் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. முதலில் சத்தம் போட்டார். காரணத்தைச் சொன்னதும் மறுநாளே ஆறு மணிக்கு அங்கே கூப்பிட்டார். குரூப் அட்மின் வேலையை விட்டேன், உங்களில் பலர் கோபித்துக்கொண்டீர்கள். அடுப்படியில் போன் சாய்த்து வைத்திருந்த இடத்தில் கடுகு டப்பாவை வைத்தேன். ஒரு வருடம் என் கை அந்தக் கடுகு டப்பாவைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது.

மித்ராவின் பழைய போனைச் சார்ஜ் போடாமல் விட்டேன். பிள்ளை தரையில் தலையை முட்டிக்கொண்டாள். என் கையைக் கடித்தாள். பன்னிரண்டு நாள் தெருவே கேட்க அழுதாள். பேச வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாரே, அதனால் செய்கிற வேலையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்தேன். "பூப் பறிக்கிறேன். கூடையில போடுறேன். தண்ணி ஊத்துறேன்." பைத்தியம் பிடித்தவள் மாதிரி காலையிலிருந்து இருட்டும்வரை பேசினேன். ஒரு பதிலும் இல்லை. சித்திரை போனது, வைகாசி போனது. ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் நான்கு மணி நேரமாக நீண்டது. மூன்று நாள் பழைய சேற்றிலேயே கிடந்தேன், பிள்ளைக்கும் கொடுத்தேன். மறுபடி முதலிலிருந்து அழுகை, கடி. கார்த்திகையில் ஒருநாள் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தாள். மறுநாள் திரும்பவில்லை. பயிற்சி கொடுப்பவர், "மெதுவாத்தாங்க வரும், எவ்வளவு வரும்னு சொல்ல முடியாது" என்றார். பஸ்ஸில் ஆடு, குளம், லாரி என்று காட்டிக்கொண்டு வருவேன். யாருக்குக் காட்டுகிறேன் என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

அடுத்த பங்குனி வந்தது. ஓடு கொடுங்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. மாலா அக்காதான் ஒரு வெறும் ஓட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு போடு. கெட்டாலும் ஒன்னோடயே போகட்டும்."

பெரிய போனை அவள் வீட்டுப் பெட்டிக்கு மாற்றினேன். ஜன்னலைச் சாத்திச் சாக்குக் கட்டினேன். மித்ராவை வெளியே தனியாக விட முடியாது. உள்ளே கூட்டிப் போகலாமா என்று பூசாரியைக் கேட்டேன். "பிள்ளையும் அம்மன்தானேம்மா, கூட்டிட்டுப் போங்க" என்றார். காலையும் மாலையும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இருட்டுக்குள் போனேன். உள்ளே எதுவும் தெரியாது. என் குரலைத் தவிர அவளுக்கு அங்கே ஒன்றும் இல்லை. சொம்பில் அவள் கையையும் சேர்த்துப் பிடித்து "ஊத்து, ஊத்து" என்பேன்.

ஏழாம் நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தோம். நல்ல சேதி ஒன்றும் இல்லை. சாயந்திரம் சொம்போடு உள்ளே போனேன், ஆனால் வாய் திறக்க மனம் வரவில்லை. போதும் என்று ஆகிவிட்டது. இருட்டில் அழுதால் யாருக்குத் தெரியும்? அப்படியே நின்று அழுதேன்.

"ஊத்து."

யாரோ பின்னால் வந்துவிட்டார்கள் என்று திடுக்கிட்டேன். யாரும் இல்லை. என் சேலையை ஒரு சின்னக் கை இழுத்தது.

"ஊத்து."

ஊற்றினேன். அவள் பக்கம் திரும்பிக்கொண்டே ஊற்றியதில் பாதி தரையில் போனது, பாதி ஓட்டின் ஒரே ஓரத்தில் கொட்டியது. அதை நான் படம் எடுக்கவில்லை. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் கிடையாது, இந்த நோட்டைத் தவிர.

ஒன்பதாம் நாள் என் பாரி ஊரே வியக்க நின்றது என்று எழுத ஆசைதான். ஆனால் நான் கொட்டிய ஓரம் அழுகிப்போனது. மிச்சம் நேராக நின்றது. அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்தேன், நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

இப்போது மித்ராவுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. பத்துச் சொல் இருக்கும். இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது என்கிறார் டாக்டரம்மா. எவ்வளவு தூரம் போவாள் என்று யாருக்கும் தெரியாது. நான் விழுங்கிய அந்த இரண்டரை வருடத்தை அம்மன்கூடத் திருப்பித் தர மாட்டாள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்தால் எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தாயே, அழுகின பாரியோடு வந்து நின்றவளை நீ துரத்தவில்லை. அந்த நன்றியைச் சொல்ல எனக்கு இந்த ஜென்மம் போதாது.

என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். காலை வணக்கம் எத்தனை மணிக்கு யார் யார் போடுவீர்கள் என்று பார்த்தவள் நான். நம்மால் முடியாது என்று அவளிடம் போய் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு வாசலில் யார் வந்து எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் எழுந்து போங்கள். ஒரே ஒரு கெஞ்சல். இந்த நோட்டைப் படம் பிடித்துக் குரூப்பில் போடாதீர்கள். பதினோரு பேருக்கு அனுப்பினால் ஒரு நல்லதும் நடக்காது. யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவர்கள் வீட்டுக்கு நடந்து போய்ச் சொல்லுங்கள். அங்கே பிள்ளை இருந்தால் அதனிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

மித்ரா இன்னும் என்னை 'அம்மா' என்று கூப்பிட்டதில்லை. பசித்தாலும், பயந்தாலும், பூக்கொல்லையில் நான் கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் "ஊத்து" என்றுதான் கூப்பிடுகிறாள். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நான் முதல் தடவையிலேயே திரும்பிப் பார்க்கிறேன்.